ஆண்டு நடுவில் புதிய புல்லட் ஜர்னல்: பழையதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

இரவுப்பணி:

வணக்கம். ஜனவரியில் ஆரம்பித்த புல்லட் ஜர்னல் (நாமே தேதி போட்டு, வேலைகளைப் புள்ளி வைத்து வரிவரியாக எழுதும் நோட்டு) ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏ5 அளவு, புள்ளித்தாள், கிட்டத்தட்ட பாதி இன்னும் வெற்றுப் பக்கம். நான் செவிலியர். இந்த மாதம் வேறு வார்டுக்கு மாறியதிலிருந்து காலை, மதியம், இரவு என்று சுழற்சி டியூட்டி. நோட்டில் போட்டு வைத்திருப்பதெல்லாம் காலையில் எழுந்து இரவில் படுக்கும் ஆளுக்கான பக்கங்கள். வாரப் பக்கம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது, என் வார விடுமுறையோ ஒவ்வொரு முறையும் வேறு கிழமையில் வருகிறது. தூக்கம் குறிக்கும் பக்கத்தில் இரவு மணிக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருக்கிறேன்.

ஜூலை ஒன்றாம் தேதி புது நோட்டில் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். நோட்டும் கையில் இருக்கிறது. ஆனால் பாதி நோட்டை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பழையதில் நடந்துகொண்டிருக்கும் பக்கங்களும் சில உண்டு: அம்மாவின் ரத்த அழுத்த அளவு, படித்த புத்தகங்கள், நாளுக்கு ஒரு கட்டம் என்று வருடம் முழுக்க நிறம் தீட்டும் பக்கம், மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான குறிப்புகள். இவற்றைத் திரும்ப எழுதுவதா, வெட்டி ஒட்டுவதா, விட்டுவிடுவதா? ஃபியூச்சர் லாக் (வரப்போகும் மாதங்களுக்கான பக்கம்) டிசம்பர் வரை போதுமா, அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் போடலாமா?

அலங்காரம் எதுவும் வேண்டாம், அதற்கு நேரமும் இல்லை. ஆனால் இந்த நோட்டு இல்லாமல் எனக்கு ஒரு வாரம்கூட ஓடாது. அதனால்தான் கேட்கிறேன்.

புள்ளித்தாள்:

நோட்டையே மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. அச்சடித்த டைரி என்றால் ஜூன் வரை உள்ள தாள் வீண். இதில் நாமே தேதி போடுகிறோம். அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திருப்பி ‘ஜூலை’ என்று எழுதுங்கள், புதிய அமைப்பு அங்கேயே தொடங்கிவிடும். பக்க எண்ணும் இன்டெக்ஸும் (பொருளடக்கப் பக்கம்) இருப்பதே இதற்காகத்தான்: எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கம் வந்தாலும் தேடி எடுத்துவிடலாம். புதிய ஃபியூச்சர் லாக்கையும் நோட்டின் நடுவிலேயே போட்டு, இன்டெக்ஸில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய பக்க எண்ணை எழுதினால் முடிந்தது. அம்மாவின் அளவுகளும் இருந்த இடத்திலேயே தொடரும், எதையும் நகல் எடுக்க வேண்டாம்.

மைக்கூடு:

புள்ளித்தாள் சொல்வது முறைப்படி சரி. மற்றவர்களுக்கு நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இவருக்கு வேலை நேரமே தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பக்கத்தில் இருக்கும் எதுவும் இனி பயன்படாது, நோட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் புது நோட்டுக்கே என் ஓட்டு.

பாதி மிச்சம் இருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். நுழைவுத் தேர்வுக் குறிப்புகள் ஏற்கெனவே அதில்தானே இருக்கின்றன? பழையதை முழுக்கப் படிப்பு நோட்டாக்கிவிடுங்கள். குறிப்புகள் இடம் மாறாது, தாளும் வீணாகாது. டியூட்டிக்கு எடுத்துப் போகும் நோட்டில் படிப்பும் சேர்ந்து கனக்கவும் வேண்டாம்.

அடுத்து, எதை எடுத்துக்கொள்வது. இதுதான் முக்கியம், இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய நோட்டை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். கண் தேட வேண்டியது ஒன்றைத்தான்: இன்னும் வெறும் புள்ளியாக நிற்கும் வேலை. முடிந்து, குறிக்க விட்டுப்போனதென்றால் × போடுங்கள். இனி தேவையில்லை என்றால் வரி முழுவதையும் கோடிட்டு அடியுங்கள். செய்யத்தான் வேண்டும் என்றால் புதியதில் எழுதிவிட்டுப் பழையதில் புள்ளி மேலேயே > போடுங்கள். பின்னால் வரும் ஒரு மாதத்துக்கு உரியதென்றால் ஃபியூச்சர் லாக்கில் எழுதிவிட்டு <.

கையால் திரும்ப எழுத வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த அலுப்புதான் இங்கே நமக்கு உதவி. ரைடர் கேரல் 2013இல் இந்த முறையை வெளியிட்டபோது மைக்ரேஷனை, அதாவது முடியாத வேலையைப் புதிய பக்கத்துக்கு மாற்றி எழுதுவதை, அதன் நடுவில் வைத்தது சும்மா இல்லை. எழுதுவதற்குக்கூட மதிப்பில்லாத வேலை, செய்வதற்கும் மதிப்பில்லாததாகவே பெரும்பாலும் இருக்கும். சென்ற முறை நான் நோட்டு மாற்றியபோது ‘அலமாரிக் கீல் மாற்ற’ என்ற வரி பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் > குறியோடு நின்றிருந்தது. இன்னொரு முறை எழுதப் பேனாவை எடுத்தவன், மூடி வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். அதே பக்கத்தில் ‘கிட்டார் வகுப்பு விசாரிக்க’ என்று இருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். இந்த இரண்டு முடிவையும் எந்தச் செயலியும் என்னிடமிருந்து வாங்கியிருக்காது. அதில் பழைய வேலைகள் தானாகவே அடுத்த நாளுக்கு நகர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

தொடரும் பக்கங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள்.

ரத்த அழுத்த அளவு உங்களுக்காக மட்டும் எழுதுவது இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. அதை எந்த நோட்டிலும் வைக்காமல் தனி அட்டையில் எழுதுவது நல்லது: தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு. கடைசி ஒரு மாத அளவுகளை மட்டும் அட்டையில் நகல் எடுங்கள். பின்னட்டை உறையில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் டியூட்டியில் இருக்கும்போது அம்மாவோடு வேறு யாராவது போனாலும் அட்டையைக் கொடுத்துவிடலாம், நோட்டு உங்களிடமே இருக்கும்.

படித்த புத்தகங்களை நகல் எடுக்க வேண்டாம். பழைய நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக 1 என்றும் புதியதில் 2 என்றும் எண் போடுங்கள். புதியதில் புத்தகப் பக்கம் தொடங்கும்போது தலைப்புக்குப் பக்கத்தில் ‘1-63’ என்று எழுதினால், முதல் நோட்டின் 63ஆம் பக்கத்தில் முன்பாதி இருக்கிறது என்று அர்த்தம். பழைய பக்கத்தின் அடியில் ‘2-18’ என்று எழுதுங்கள். இங்கிருந்து அங்கே போகலாம், அங்கிருந்து இங்கே வரலாம். ஆண்டுகள் கழித்துத் தேடினாலும் அறுந்துபோகாது.

நிறம் தீட்டும் பக்கத்தை ஜூன் 30ஓடு நிறுத்திவிடுங்கள். அரை வருடம் அரை வருடமாகவே இருக்கட்டும். வெட்டி ஒட்டினால் அந்தப் பக்கம் தடித்து, அதன் மேல் எழுதும் பக்கமெல்லாம் மேடாகும். பழைய தாளின் பின்பக்கத்தில் இருப்பதும் போய்விடும். வருடம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று மிகவும் ஆசை இருந்தால், டிசம்பர் வரை அந்த ஒரு பக்கத்தை மட்டும் பழைய நோட்டிலேயே தொடருங்கள். எப்படியும் படிக்கும்போது அந்த நோட்டைத் திறக்கத்தானே போகிறீர்கள்?

ஃபியூச்சர் லாக்கை ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை போடுங்கள். புல்லட் ஜர்னலுக்கு ஜனவரி என்ன, ஜூலை என்ன? பக்கத்துக்கு மூன்று மாதம் வீதம் நான்கு பக்கம். ஐந்து மில்லிமீட்டர் புள்ளித்தாளில் ஏ5 பக்கத்துக்கு ஏறக்குறைய நாற்பது வரி வரும். தலைப்பு போக மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி கிடைக்கும். ஆனால் உங்கள் டியூட்டிப் பட்டியல் அடிக்கடி மாறும், அதோடு எல்லாத் தேதியும் மாறும் என்றால் அலஸ்டேர் முறை இன்னும் பொருந்தும். பக்கத்தின் இடப்புறம் ஆறு ஒடுக்கமான பத்தி, மேலே ஜூ, ஆ, செ என்று மாத எழுத்து. வலப்புறம் விஷயத்தை வரிவரியாக, வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போங்கள். எந்த மாதமோ அந்தப் பத்தியில் ஒரு புள்ளி. மாதம் தள்ளிப்போனால் அந்தப் புள்ளியை > ஆக்கிவிட்டுப் பக்கத்துப் பத்தியில் புதுப் புள்ளி வைத்தால் போதும், வரியைத் திரும்ப எழுத வேண்டாம். ஒரு மாதத்துக்கு இடம் போதாமல் இன்னொன்று காலியாகக் கிடக்கும் சிக்கலும் இதில் வராது.

கடைசியாக ஒன்று. இன்டெக்ஸ், ஃபியூச்சர் லாக், ஜூலை மாதப் பக்கம், இவ்வளவு போட்டதும் எழுத ஆரம்பித்துவிடுங்கள். ஆகஸ்ட் பக்கத்தை ஆகஸ்ட் வரும்போது போடலாம். ஜூலை முழுக்க இந்த டியூட்டியோடு வாழ்ந்து பார்த்த பிறகு உங்களுக்கு எந்தக் கட்டம் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரவுப்பணி:

மைக்கூடு, மிக்க நன்றி. படிப்பு நோட்டு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அப்படியே செய்துவிடுகிறேன். அம்மாவுக்கு அட்டை இன்றே போட்டாயிற்று. புள்ளித்தாள், நீங்கள் சொன்னதையும் யோசித்தேன். பகல் வேலையிலேயே இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

இன்னொரு சந்தேகம். இரவு டியூட்டிக்குப் போய் மறுநாள் காலையில் வருகிறேன். டெய்லி லாக்கில் நள்ளிரவுக்குப் பின் எழுதுவதை எந்தத் தேதியில் எழுதுவது? தூக்கத்துக்கு எப்படிக் கட்டம் போடுவது? இரவு டியூட்டி முடிந்தால் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை தூங்குகிறேன், மற்ற நாட்களில் எல்லாரையும் போல இரவில்.

வெற்றுப்பக்கம்:

நானும் சுழற்சி வேலைதான், அதனால் சொல்கிறேன். நோட்டைப் பொறுத்தவரை எனக்கு நாள் நள்ளிரவில் மாறாது, நான் தூங்கி எழும்போதுதான் மாறும். 12ஆம் தேதி இரவு வேலைக்குப் போனால் மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து படுக்கும் வரை எல்லாம் 12இன் கீழ்தான். மதியம் மூன்றுக்கு எழுந்ததும் 13 என்று எழுதுவேன். மருந்து நேரம், பேருந்து, சந்திப்பு மாதிரி கடிகாரத் தேதி அவசியமான இடத்தில் மட்டும் மணியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். டெய்லி லாக்குக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிக் கட்டம் கட்டாதீர்கள். ஒரு நாள் நான்கு வரி வரும், ஒரு நாள் பக்கம் போதாது. முடிந்த இடத்தில் அடுத்த தேதி.

மாதப் பக்கத்தில் 31 வரி, தேதிக்குப் பக்கத்தில் கா, ம, இ என்று டியூட்டி எழுத்து, விடுமுறைக்கு வி. இதைப் பென்சிலால் எழுதுங்கள். நாம் கேட்டா டியூட்டியை மாற்றுகிறார்கள்?

தூக்கத்துக்கு நாளுக்கு ஒரு வரி, மணிக்கு ஒரு கட்டம், 24 கட்டம். ஆனால் நள்ளிரவில் தொடங்காதீர்கள், இரவுத் தூக்கம் இரண்டு வரிக்கும் பிரிந்துவிடும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை ஆறு வரை போடுங்கள். இரவில் தூங்கினாலும் பகலில் தூங்கினாலும் ஒரே வரியில் உடையாமல் நிற்கும். ஐந்து மில்லிமீட்டர் கட்டம் 24 என்றால் 120 மில்லிமீட்டர். ஏ5 பக்கத்தின் அகலம் 148. தேதி எழுத இடம் இருக்கிறது.

நீங்கள் செவிலியர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நோயாளியின் பெயர், படுக்கை எண் எதுவும் இந்த நோட்டில் வர வேண்டாம். அது வார்டுப் பதிவேட்டில் இருக்க வேண்டியது. ‘புது இன்ஃபியூஷன் பம்ப் பழக வேண்டும்’ என்பது மாதிரி உங்கள் வேலையை மட்டும் எழுதுங்கள்.

மைக்கூடு:

மாலை ஆறு மணிக் கணக்கு அருமை, நானும் எடுத்துக்கொள்கிறேன்.

பேனா பற்றி ஒரு வார்த்தை. புது நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்களிடம் இருக்கும் பேனா எல்லாவற்றாலும் ஒவ்வொரு வரி எழுதி, உலர்ந்ததும் தாளைத் திருப்பிப் பாருங்கள். 80 கிராம் தாள் என்றால் மையூற்றுப் பேனாவும் மார்க்கரும் பின்பக்கம் நிழலாகத் தெரியும், 120 கிராமில் அது ரொம்பக் குறைவு. அதே தடிமனுள்ள நோட்டில் பக்கமும் குறையும். லாய்ஷ்டர்ம் நிறுவனத்தின் ஏ5இல் 80 கிராம் நோட்டுக்கு 251 பக்கம், 120 கிராமுக்கு இருநூறு சொச்சம்தான். டியூட்டி நடுவில் அவசரமாக எழுதி மூடுவீர்கள் என்றால் சீக்கிரம் உலரும் பால்பாயின்ட் போதும், ஜெல் மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரவுப்பணி:

பேனா பார்த்தாயிற்று, பால்பாயின்ட்தான். தூக்கப் பக்கமும் போட்டுவிட்டேன். தேதிக்கு இரண்டு கட்டம், டியூட்டி எழுத்துக்கு ஒன்று, மணிக்கு 24, எல்லாம் ஒரே பக்க அகலத்தில் அடங்கிவிட்டது. மைக்ரேஷனுக்கு இந்த வார விடுமுறை மாலையை ஒதுக்கியிருக்கிறேன். ஜனவரிப் பக்கங்களை இப்போதே கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன், அடிக்க வேண்டிய வரிகள் நிறைய இருக்கின்றன.