பிரேஸ் பேயூ பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுக்கலாமா?

ஹூஸ்டன் நண்பர்களுக்கு வணக்கம். வேலை மாற்றலில் குடும்பத்தோடு அங்கே வருகிறோம். மேயர்லேண்ட் பகுதியில், பிரேஸ் பேயூ என்ற நீரோடையை ஒட்டி ஒரு வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது.

லூசியானாவில் பேயூ என்றால் மரத்தில் பாசி தொங்க, ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத கலங்கல் தண்ணீர். ஹூஸ்டனில் அதே பெயரில் சிமென்ட் சரிவு போட்ட வடிகால், கரையோரம் சைக்கிள் பாதை. மழையில்லாத நாளில் பார்த்தால் பரம சாது. ஆனால் 2015, 2016, அப்புறம் 2017 ஹார்வி புயல் என வரிசையாக மூன்று வருடம் அந்தப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு பேயூவை அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள். பெருமழையில் முதலில் தெருச் சாக்கடை நிரம்பி வாசலுக்கு வருகிறதா, பேயூவே கரை தாண்டுகிறதா? தரைமட்டத்தை உயர்த்திக் கட்டிய வீடுகள் வாடகைக்குக் கிடைக்குமா? அம்மாவால் மாடி ஏற முடியாது, கீழ் அறைதான் அவருக்கு. அதனால்தான் இவ்வளவு பயம்.

அரசு வெள்ளக் காப்பீடு அமலுக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். ஆகவே சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். வேறு நல்ல பகுதி தெரிந்தாலும் சொல்லுங்கள், ப்ளீஸ்.