ஓய்வுக்குப் பிறகு எத்தனை உறவு வேண்டும்? தலைக்கணக்கா, வகைக்கணக்கா?

திண்ணை: நாலு பேரோடு பழகுகிறவர்களுக்குச் சளிகூட எளிதில் பிடிக்காது என்று ஓர் ஆய்வைச் சொல்கிறார்களே, அதில் உறவை எப்படி எண்ணினார்கள்? ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு அது உதவுமா?

புள்ளிவிவரன்: எண்ணியது ஆட்களை அல்ல, உறவு வகைகளை. 1997-இல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு வெளியிட்டது. 18 முதல் 55 வயதுள்ள 276 பேர். மூக்கில் சளி பிடிக்கவைக்கும் ரைனோ வைரஸைச் சொட்டுவிட்டு, தனியே தங்கவைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 12 வகை: கணவன்/மனைவி, பெற்றோர், மாமனார்-மாமியார், பிள்ளைகள், மற்ற நெருங்கிய சொந்தம், அக்கம்பக்கம், நண்பர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள், உடன் படிப்பவர்கள், சேவைப் பணி, சங்கம், வழிபாட்டுக் குழு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நேரிலோ போனிலோ பேசினால்தான் கணக்கில் வரும். 1-3 வகை மட்டும் உள்ளவர்களுக்குச் சளி பிடிக்கும் அபாயம், 6-ம் அதற்கு மேலும் உள்ளவர்களைவிட 4.2 மடங்கு. ஆபீசில் நாற்பது பேர் பழக்கம் என்றாலும் அது ஒரு வகைதான்.

எதிர்க்கேள்வி: அவசரப்பட்டு எல்லா உறவையும் தூசு தட்டாதீர்கள். அடுத்த ஆண்டே அதே குழு காட்டியது: சொந்தத்திலோ நட்பிலோ ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் மனக்கசப்பு சளி அபாயத்தைக் கூட்டுகிறது. இன்னொன்று, தனியாகக் குடியிருப்பதையும் தனிமையையும் குழப்பக்கூடாது. 148 ஆய்வுகளைத் தொகுத்த 2010 அலசலில், உயிர்வாழும் வாய்ப்போடு நெருங்கிய தொடர்பு காட்டியது பலவகை உறவுகளில் கலந்திருப்பதுதான். வீட்டில் கூட ஆள் இருக்கிறாரா என்ற அளவுகோல் கடைசியில் நின்றது.

கணக்குப்பிள்ளை: ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே அந்த 12 வகைகளையும் தாளில் எழுதி, கடந்த இரண்டு வாரத்தில் பேசியவர் பெயரை எதிரே போடுங்கள். ஓய்வோடு 'உடன் வேலை பார்ப்பவர்கள்' என்ற இடம் காலியாகும். அப்போது மிச்சம் எத்தனை? ஆறுக்குக் கீழே என்றால் புதிதாக ஒரே ஒரு குழுவில் சேருங்கள். மூன்று குழுக்களில் ஒரேசமயம் சேர்ந்தால் மூன்றையும் விட்டுவிட நேரலாம். நாள், நேரம் நிலையாக உள்ளதாகப் பாருங்கள். அறிமுகம் சாதாரண நட்பாகவே சுமார் 50 மணிநேரம் ஆகும் என்பது நட்பை ஆராயும் அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹாலின் 2018 கணக்கு. வாரம் ஒரு மணிநேரம் என்றால் ஏறக்குறைய ஒரு வருஷம். காலை நடையில் தினம் அரைமணி என்றால் 100 நாள். காது மந்தமாக இருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். பேச்சு புரியாததால் ஒதுங்குபவரை 'உம்மணாமூஞ்சி' என்று விட்டுவிடுகிறார்கள்.

திண்ணை: வாட்ஸ்அப் குட்மார்னிங் சேருமா?

புள்ளிவிவரன்: அந்தக் கணக்கில் சேராது. போன் போட்டுப் பேசினால் சேரும்.