"எஸ் காபட் அ லைஹ்": பவேரியப் போலீஸ் தொடர் பார்த்த அனுபவங்கள்

கோபிக்காரன்

2017 குளிர்காலத்தில் ஜெர்மனியின் தென்மாநிலமான பவேரியாவில் இருக்கும் ரோசன்ஹைமுக்கு வந்து இறங்கியபோது சென்னையில் ஏ2 நிலை வரை ஜெர்மன் படித்திருந்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கீழ்த்தளத்தில் அவர், மேலே நான். அவர் பேசியதில் ஒரு சொல் பிடிபடவில்லை. 'நான்' என்பதற்கு "இஷ்" என்று படித்திருந்தேன், அவர் வெறும் "இ" என்றார். 'இல்லை' என்பதற்கு "நிஷ்ட்" என்று படித்ததை அவர் "நெட்" என்றார். கட்டிய ஃபீஸ் எல்லாம் ஊரோரத்து 'இன்' ஆற்றோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹீட்டர் ஓடவில்லை என்று சொல்லக் கீழே போனேன். மணி ஏழரை ஆகப்போகிறது. அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு கையால் நாற்காலியைக் காட்டினார், மறுகை ரிமோட்டில் இருந்தது. டிவியில் செங்கல் நிறக் கட்டடம் ஒன்று வந்தது. அன்று காலைதான் அதைத் தாண்டி வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் நகராட்சி மன்றம்! ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்ததாம். டிவியில் அதைப் போலீஸ் நிலையமாக்கியிருந்தார்கள்.

அப்புறம் ஒரு செக்ரெட்டரி அம்மா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, ஏதோ காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில், "எஸ் காபட் அ லைஹ்" என்றார். வீட்டுக்காரம்மாவும் கூடவே அதைச் சொல்லிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

அதுதான் 'ரோசன்ஹைம் காப்ஸ்'. 2002 ஜனவரியிலிருந்து இசட்.டி.எஃப். தொலைக்காட்சியில் ஓடுகிறது. அந்த செக்ரெட்டரி ஸ்டாக்கல், நடித்தவர் மரிசா பர்கர். அந்த ஒரு வரியைக் கேட்கவே உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வரியின் பொருள் 'ஒரு பிணம் இருக்கிறது' என்பதுதான். ஆனால் புத்தக ஜெர்மனில் "எஸ் கிப்ட்" என்றால் 'இருக்கிறது', முடிந்தது. "காபட்" அப்படி அடித்துச் சொல்வதில்லை. 'இருக்குமாட்டம்' என்று ஓரடி பின்வாங்கி நிற்கிற வினை. பவேரியாவில் கறிக்கடையிலும் ரொட்டிக்கடையிலும் இந்த மாதிரி ஒதுங்கி நின்றுதான் பேசுகிறார்கள். அம்மா அரைமணி நேரம் விளக்கினார். எனக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் காவல்காரர் பண்ணையத்தில் வந்து சொல்கிற மாதிரி: "ஏனுங்க, பொணம் ஒண்ணு கெடக்குதாட்டங்க." கொலையைக்கூட மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும் என்கிற ஊர்கள் இரண்டும்.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு அரசாங்கம் என்றால் கடிதம். தபால் பெட்டியில் மஞ்சள் உறை வந்தாலே வயிறு கலங்கும். அந்தக் கடிதங்கள் எல்லாம் சுத்தமான புத்தக ஜெர்மனில் இருக்கும், ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும். இந்தத் தொடரிலோ அரசாங்கம் அடுப்படிப் பாஷை பேசுகிறது. இன்ஸ்பெக்டர் ஹோஃபர் ஒரு விவசாயி. அக்காதங்கச்சி சண்டை, மாட்டுத் தொழுவம் எல்லாம் முடித்துவிட்டுத்தான் கொலையைப் பார்க்க வருவார். எனக்குச் சிரிப்பு வந்தது வசனத்தால் இல்லை. பயம் இறங்கியதால் வந்த சிரிப்பு.

அடுத்த நவம்பரில் சைக்கிளில் முன்விளக்கு எரியாமல் போய் நிஜப் போலீசிடம் மாட்டினேன். அவர் விறைப்பாகப் புத்தக ஜெர்மனில் ஆரம்பித்தார். விளக்கு எங்கே என்று கேட்டார். பதற்றத்தில் வாயில் வந்தது: "எஸ் காபட் கோவ லியஹ்ட்." விளக்கு இல்லையாட்டங்க. மனிதர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு வண்டியில் இருந்த கூட்டாளியைக் கூப்பிட்டு, என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருபது யூரோ அபராதத்துக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த மாதிரி வட்டார வழக்குப் போலீஸ் தொடர் பார்த்து உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

ஹம் அக்கா

தம்பி, நான் எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்த ஆள். இருப்பது பவேரியாவில் இல்லை, நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலனில். எங்கட ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகமும் அதே 2002தான், அதனால் உங்கட தொடரின் வயது எனக்கு மறக்காது.

எங்கள் வீட்டில் பார்த்தது அதற்கு முந்தினது. சாட் ஐன்ஸ் தொலைக்காட்சியில் 'டெர் புல்லெ ஃபொன் ட்யோல்ஸ்'. ட்யோல்ஸ் பவேரியாவில் ஒரு ஊர். 'புல்லெ' என்றால் காளை. பொலிஸ்காரனுக்கும் தெருப் பேச்சில் அதுதான் பெயர். மாமி அகராதியில் தேடிப்பார்த்துவிட்டு, "மாட்டைப் பற்றின படமோ?" என்று கேட்டா. 1996 தொடங்கி 2009 வரைக்கும் 69 அத்தியாயம். ஒட்ஃப்ரீட் ஃபிஷர் என்கிற மலை மாதிரி மனுஷன் பெனோ பெர்க்ஹாமர் என்ற பொலிஸ்காரனாக வந்து துப்பறிவார். அவரின் தாய் விருந்தினர் விடுதி நடத்துவா. அந்தத் தாயாக ரூத் ட்ரெக்ஸல்.

மாமிக்கு ஜேர்மன் ஒரு சொல் தெரியாது. பவேரிய ஜேர்மன் எனக்கே பாதிதான் விளங்கும். ஆனால் அந்தத் தாய் சமையலறையில் நின்று மகனைப் பேசுகிற பேச்சு மாமிக்கு முழுக்க விளங்கியது. "சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா, கலியாணம் கட்டாமல் இருக்கிறாய் எண்டு ஏசிறா" என்று எங்களுக்கு மொழிபெயர்ப்பா. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஊரை விட்டு வரும்போது சீருடை போட்ட ஒருவனைக் கண்டால் வீட்டுக்குள் ஓடி ஒளிகிற காலம். இங்கே வந்தும் மாமி பொலிஸ் கார் போனால் யன்னல் திரையை இழுத்து மூடுவா. அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகவில்லை. ஆனால் பெனோ பெர்க்ஹாமர் திரையில் வந்தால் மட்டும், "பாவம், பெடியனுக்குப் பசிக்குது" என்பா. ஒரு பொலிஸ்காரனைப் பார்த்துப் பாவம் என்று அவ சொன்னது அந்த ஒருத்தனைத்தான்.

எஸ்-பான் கடைசி நிறுத்தம்

நான் வொல்ஃப்ராட்ஸ்ஹவுசனில் மூன்று வருடம் இருந்தேன். மியூனிக்கிலிருந்து எஸ்7 ரயில் போய் முடிகிற இடம். அங்கே நடக்கிற தொடர்தான் 'ஹூபர்ட் உண்ட் ஸ்டாலர்'. 2011இல் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் தொடங்கியது. ஹூபர்ட்டாக கிறிஸ்டியான் ட்ராமிட்ஸ், ஸ்டாலராக ஹெல்ம்ஃப்ரீட் ஃபொன் லூட்டிஷா, இருவரும் ரோந்துப் போலீஸ்காரர்கள். துப்பறிவது அவர்கள் வேலையே கிடையாது, மேலதிகாரி வேண்டாம் என்றாலும் மூக்கை நுழைப்பார்கள். 2018இல் ஸ்டாலர் விலகிவிட, 2019 முதல் தலைப்பையே 'ஹூபர்ட் ஓனெ ஸ்டாலர்' என்று மாற்றிவிட்டார்கள். அதாவது 'ஸ்டாலர் இல்லாத ஹூபர்ட்'. ஒருவர் போனதைத் தலைப்பிலேயே முறைப்பாடு மாதிரி எழுதி வைத்த ஊர் அது.

என் அனுபவம் சின்னது. அவசரமாக ஒரு டாக்டர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், ஒரு போலீஸ்காரர் சுவரில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். வழி கேட்டேன். வாயில் ரொட்டியோடு நிதானமாகச் சொன்னார். நானும் நடந்தேன், தவறான தெரு. திரும்பி வந்து பார்த்தால் கேமராவும் விளக்குமாக ஒரு கும்பல். அவர் துணை நடிகர், ஊரே வேறு. "தெரியாது என்று சொல்லியிருக்கலாமே" என்றேன். "சீருடையில் இருக்கும்போது எப்படித் தெரியாது என்பது?" என்றார்.

ஹம்பர்க் மழை

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இந்தத் தொடர்களில் தெரிகிற பவேரியா சுற்றுலாத்துறைக் காலண்டர். மலை, ஏரி, ஜன்னலில் சிவப்புப் பூ, பணக்காரர் ஒருவர் செத்துக் கிடப்பார். ஏழரை மணிக்கு ஆரம்பித்து எட்டே காலுக்குள் கொலையாளி கிடைத்துவிடுவார். அதற்குக் காரணமும் உண்டு. இங்கே பொதுத் தொலைக்காட்சிகள் எட்டு மணிக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது. அதனால் எட்டுக்கு முந்தைய நேரத்துக்குக் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற லேசான சரக்குதான் வேண்டும். ரத்தம் வேண்டாம், சந்தேகம் வேண்டாம், வட்டார வழக்கைக் கொஞ்சம் மேலே தூவு.

வழக்கும் அசல் இல்லை. என்னோடு வேலை செய்கிற பெண் பவேரியக் காட்டுப் பகுதிக் கிராமத்துக்காரி. அவள் அப்பா பேசுவதைப் போனில் கேட்டிருக்கிறேன், அது வேறு உலகம். டிவியில் வருவது ஹம்பர்க் பாட்டிக்கும் புரிய வேண்டும் என்று வடிகட்டியது. யுனெஸ்கோ 2009இல் பவேரிய மொழியையும் அழியும் ஆபத்துள்ள மொழிகளின் வரைபடத்தில் சேர்த்தது. மியூனிக் பள்ளிக்கூட வாசலில் நின்று கேளுங்கள், பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று. வீட்டில் பேசுவதை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை டிவியில் பார்த்து ரசிக்கிறார்கள்.

இன்னொன்று. வடக்கிலிருந்து வந்த அதிகாரி என்றால் அசடு என்று ஒரு விதி இருக்கிறது பாருங்கள், அது எங்கள் ஊருக்குப் பழகிவிட்டது. மன்னித்துவிட்டோம்.

கோபிக்காரன்

மழைக்கு வணக்கம். விளம்பர விஷயம் எனக்குத் தெரியாதது. வடிகட்டல் பற்றி வீட்டுக்காரம்மாவே உங்கள் கட்சிதான். மோர் என்ற போலீஸ்காரராக வருகிற மாக்ஸ் முல்லர் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் ஊர்க்காரர். அவர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் "இது நம்முடையது இல்லை" என்று அம்மா விரலை ஆட்டுவார். நமக்குத் திருநெல்வேலி ஆள் மதுரை பேசினால் உறுத்துகிற மாதிரி.

பார்த்துப் பார்த்து நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கதைக்கு வேண்டிய தகவல் எவர் வாயில் வருகிறதோ, அவர் சுத்த ஜெர்மன் பக்கம் சாய்ந்துவிடுவார். எத்தனை மணிக்குச் செத்தான், யாருக்குச் சொத்து, எந்தக் காரில் வந்தான், இதெல்லாம் பளிச்சென்று புரியும். தகவலே இல்லாத கிழவர் ஒருவர் வேலி ஓரத்தில் நின்று புலம்புவார் பாருங்கள், அங்கே மட்டும் வழக்கைக் கெட்டியாக அவிழ்த்து விடுவார்கள். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நான் புரியாமல் விழிப்பேன். கதை மட்டும் ஒன்றும் தவறியிருக்காது. இப்போதெல்லாம் ஒரு பாத்திரம் பேசுவது எனக்குப் புரியவில்லை என்றால், அவர் கொலையாளி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கிறது.

குர்கான் வெயில்

ஜெர்மனிக்காரர்களுக்கு நடுவில் நான் ஹரியானாக்காரன், மன்னிக்க. பிறந்தது தஞ்சாவூர், பிழைப்பு குர்கானில்.

எங்கள் பக்கத்து விஷயம் 'எஃப்.ஐ.ஆர்.' என்கிற இந்தித் தொடர். சப் டிவியில் 2006 முதல் 2015 வரை. கவிதா கௌசிக் நடித்த இன்ஸ்பெக்டர் சந்திரமுகி சௌட்டாலா, ஹரியான்வியில் திட்டி, கான்ஸ்டபிளை அறைந்துகொண்டேயிருப்பார். உங்கள் ஊர் இரண்டும் மரியாதை ஊர்கள். இது நேர் எதிர். "ஹை" என்று இந்தியில் முடிகிற இடத்தில் இவர்கள் "சை" என்பார்கள், கேட்கும்போதே கம்பைத் தரையில் ஊன்றுகிற சத்தம். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே 'தூ'. கோபமாகத் தெரியும், பெரும்பாலும் பாசமாக இருக்கும்.

கோபிக்காரருக்குப் பயம் இறங்கியது என்கிறார். எனக்கு அப்படி முழுசாக இல்லை. ஒருமுறை சிக்னலில் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் "கித் ஜா ரயா சை?" என்றார். எங்கே போகிறாய் என்றுதான் கேட்டார். தொடர் பார்த்த பழக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன். ஜெர்மனியில் சிரித்தால் இருபது யூரோ, இங்கே சிரித்தால் முக்கால் மணி நேரம்.

ஆனால் அந்தத் தொடரில் ஒரு நல்லது நடந்தது. என்னோடு வேலை பார்த்த ரோத்தக் பெண் ஒருத்தி ஆபீசில் வாயே திறக்க மாட்டாள், தன் பேச்சு நாட்டுப்புறமாகத் தெரியும் என்று. கேண்டீனில் நாங்கள் சந்திரமுகி மாதிரி தப்பும் தவறுமாகப் பேசிக் கூத்தடித்தபோது பொறுக்க முடியாமல் எழுந்து வந்து திருத்தினாள். அதற்கப்புறம் அவள் அடங்கவேயில்லை.

ஹம் அக்கா

குர்கான் தம்பி, அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. என் மகளும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசமாட்டாள். கடைக்குட்டிப் பெடியன் யூடியூபில் யாரோ யாழ்ப்பாணத் தமிழில் பகிடி விடுகிறதைக் கேட்டுச் சிரிக்கிறதைப் பார்த்துத்தான் பக்கத்தில் வந்து இருந்தாள்.

கோபிக்காரத் தம்பி, அந்த வீட்டுக்கார அம்மா இப்பவும் பார்க்கிறாவோ?

கோபிக்காரன்

அக்கா, அது ஒரு கதை. ஹோஃபராக நடித்த யோசெஃப் ஹன்னஸ்ஷ்லேகர் 2020 ஜனவரியில் புற்றுநோயில் காலமானார். அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். "ஹோஃபர் போயிட்டார்" என்றார். நடிகர் பெயரைச் சொல்லவில்லை. சொந்த ஊரில் ஒரு போலீஸ்காரர் செத்துவிட்டார் என்கிற மாதிரியே சொன்னார்.

அதற்குப் பிறகு புதிய அத்தியாயங்களை அவர் பார்ப்பதில்லை. ஹோஃபர் வருகிற பழையவற்றின் மறுஒளிபரப்பு மட்டும்தான். புதியவற்றை நான் மாடியில் தனியாகப் பார்க்கிறேன். பார்க்கமாட்டேன் என்று சொன்னாரே தவிர, புதன்கிழமை காலையில் நான் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது சரியாக ஜன்னல் திறக்கும். குளிர் எத்தனை இருந்தாலும் திறக்கும்.

"யாராம்?" என்பார்.

நான் கொலையாளியைச் சொல்வேன். "அதுதான் எனக்குத் தெரியுமே" என்று சொல்லி மூடிவிடுவார்.