கிராம சபையில் கையெழுத்து வாங்குகிறார்கள், தீர்மானம் எப்போது எழுதுகிறார்கள்?

செம்மண்:
ஊருக்குக் கிராம சபைதான் பெரியது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நடப்பில், நூறு நாள் வேலை ஆட்களை வரவழைத்து முதலிலேயே நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு அரசு அனுப்பும் அலுவலரான பற்றாளர் சுற்றறிக்கையைப் படிப்பார், முக்கால் மணியில் கூட்டம் கலையும். தீர்மானம் பிறகு அலுவலகத்தில் எழுதப்படுகிறது. குடிநீர்க் குழாய் பற்றிப் பேசியது அதில் ஏறியதா என்றே தெரிவதில்லை. மதுக்கடையை மூடச் சொல்லிப் போட்ட தீர்மானமும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. என்ன வழி?

வாய்க்கால்மேடு:
கையெழுத்தை முதலில் வாங்குவதற்குக் காரணம் குறைவெண், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. தமிழ்நாட்டில் ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வேண்டும். ஆள் சேராவிட்டால் கூட்டம் செல்லாது. அதனால் தலை எண்ணுவதே வேலையாகிவிட்டது. அதிலும் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் சபை உறுப்பினர். பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்து கணக்கில் சேராது.

குழாய் வேண்டும் என்று எழுந்து பேசினால் மட்டும் போதாது. ஒரு வாரம் முன்பே, எந்தத் தெரு, எங்கிருந்து எதுவரை, எத்தனை வீடு என்று ஒரே பத்தியில் எழுதி, கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லி ஊராட்சி செயலரிடம் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். கூட்டத்தில் அந்த வாசகத்தையே தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழே இடைவெளி விடாமல் கையெழுத்து வர வேண்டும். மிச்சமுள்ள வெற்றிடத்தில் குறுக்குக் கோடு. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நான்கைந்து பேர் கடைசிவரை உட்கார்ந்தாலே போதும், ஆனால் அந்த நான்கைந்து பேர்தான் கிடைப்பதில்லை!

பக்கம் கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்தத் தேதிக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேடு, வருகைப் பதிவேடு நகல்" என்று மட்டும் எழுதுங்கள். ஏன், எதற்கு என்ற கேள்விகளைச் சேர்த்தால் மழுப்ப இடம் கிடைக்கும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் பிரிவு 6(3)-ன்படி 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் 19(1)-ல் முதல் மேல்முறையீடு.

கரிசல்:
மதுக்கடை விஷயம் வேறு. அரசியலமைப்பின் 243அ பிரிவு, கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்று தானே சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றம் கொடுப்பதுதான் என்று விட்டுவிட்டது. மேடைப் பேச்சுக்கும் நடப்புக்கும் இடைவெளி தொடங்குவதே அங்கேதான். கடை அனுமதி ஊராட்சி கையில் இல்லாதபோது தீர்மானம் வெறும் கோரிக்கை மனுதான். ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்ததும் அது நின்றதும் எப்படி என்றால், 2006 வன உரிமைச் சட்டம் பின்னால் இருந்தது, உச்ச நீதிமன்றமும் அவர்களிடமே கேட்கச் சொன்னது.

ஆகவே தீர்மானத்தோடு விதியையும் பிடியுங்கள். தமிழ்நாட்டின் 2003 மதுபான சில்லறை விற்பனை விதிகளில் 8-வது விதிப்படி, ஊரகப் பகுதியில் கோயிலுக்கோ பள்ளிக்கோ 100 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. தூரத்தை அளந்து, வரைபடத்தோடு ஆட்சியரிடம் மனு கொடுங்கள். தூரம் மீறியிருந்தால் அதுவே வலுவான பிடி. மீறவில்லை என்றால் தீர்மானத்தை மட்டும் நம்பாதீர்கள்.

செம்மண்:
குழாய்க்கு "நிதி இல்லை" என்றால்?

வாய்க்கால்மேடு:
கிராம சபைக் கூட்டத்தில் ஊராட்சியின் படிவம் 30 வரவு செலவுக் கணக்கைப் பேனராகக் கட்ட வேண்டும், அதைப் பாருங்கள். ஒன்றிய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்தில் (2021–26) 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கியது. "நிதி இல்லை" என்றால் அந்தத் தலைப்பில் வந்த தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். இன்னொன்று, அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கத் தொடங்குவது அக்டோபர் 2 கூட்டத்தையொட்டி. ஜனவரி 26-ல் கேட்டால் பட்டியல் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

கரிசல்:
2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டம் என்றால், தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்து, அவர்கள் பொறுப்பைப் பார்க்கும் அரசு அலுவலராகத் தனி அலுவலர் வந்தார். அங்கே புதிய தலைவர் இன்னும் வரவில்லை என்றால், மனுவைத் தனி அலுவலர் பெயருக்கே எழுதி, ஊராட்சிகளின் ஆய்வாளரான ஆட்சியருக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.