ரிக்கற் ரு ரைட்: 7 வயதுப் பிள்ளையோட விளையாடலாமோ?

கேள்வி: வீட்டில நாலு பேர், கடைசிக்கு 7 வயது. ரிக்கற் ரு ரைட் எண்ட ரயில் பாதை போடுற பலகை விளையாட்டின்ர அமெரிக்க வரைபடப் பெட்டியில 8+ எண்டு கிடக்கு. வாங்கலாமோ? ரெண்டு பேர் மட்டும் விளையாடினாலும் நல்லா இருக்குமோ?

பதில் 1: தாராளமா வாங்குங்கோ. ஒரு முறைக்கு ஒரு வேலைதான்: காட்ஸ் எடுக்கலாம், பாதை போடலாம், இல்லாட்டி புது ரிக்கற் (இணைக்க வேண்டிய ரெண்டு நகரம் இருக்கிற காட்) எடுக்கலாம். 304 காட்ஸ் விளையாட்டுப் பழகின வீட்டுக்கு உடன பிடிபடும். பிள்ளைக்குக் கஷ்டம் நகரப் பெயர்தான். நீங்கள் தேடிக் காட்டினா ரிக்கற் ரகசியம் போயிடும், அதால தொடங்க முதலே வரைபடத்தைப் பார்க்க விடுங்கோ. அதுவும் சரிவராட்டி இதின்ர சின்னப் பிள்ளையளுக்கான ஃபெர்ஸ்ட் ஜேர்னி பெட்டி இருக்கு: புள்ளிக் கணக்கில்லை, 6 ரிக்கற் முடிச்சா வெற்றி.

பதில் 2: ரெண்டு பேருக்கு வரைபடம் அகலம், இடிபாடு குறைவு. இரட்டைப் பாதையில (ரெண்டு நகரத்துக்கு இடையில பக்கத்துப் பக்கத்தில கிடக்கிற ரெண்டு பாதை) 2, 3 பேர் எண்டா ஒண்டை மட்டும்தான் பாவிக்கலாம். இதைக் கனபேர் விட்டிடுவினம், பிறகு ஆட்டம் சப்பெண்டு போகும். திறந்து கிடக்கிற எஞ்சின் காட்டை (எந்த நிறத்துக்கும் பாவிக்கக்கூடியது) எடுத்தா அந்த முறைக்கு அது ஒண்டுதான்.

பதில் 3: 6 ரயில்பெட்டி வைக்கிற பாதைக்கு 15 புள்ளி, 2 பெட்டிக்கு வெறும் 2. கடைசி நேரத்தில புது ரிக்கற் எடுக்காதேங்கோ. முடிக்காட்டி அந்தப் புள்ளி கழியும். ஒருவரிட்ட 2 ரயில்பெட்டியோ குறைவோ மிஞ்சினா எல்லாருக்கும் இன்னும் ஒரு முறைதான்.