பத்தாவது முடித்த பெண்ணுக்குக் கல்யாணமாம், வழி சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரி மலைப்பக்கம் எங்கள் ஊர். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 16 வயது. ஆவணியில் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்களாம். அப்பா, அம்மா இருவருக்கும் பெங்களூரில் கட்டட வேலை. வயதுக்கு வந்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப்போக பயம்; மேல்நிலைப் பள்ளிக்கோ இரண்டு பஸ் மாற வேண்டும். சொந்தத்தில் கொடுத்தால் நகை, சீர் குறையும் என்ற கணக்கு வேறு. கெட்டவர்கள் இல்லை, அதுதான் சங்கடம்.

2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்திவைப்பவர்களுக்கு 2 வருடம் வரை சிறை என்று சொல்லிப் பார்த்தேன். "ஊரில் நடக்காததா?" என்று சிரித்துவிட்டார்கள். என் அக்காவுக்கும் 16 வயதில்தான் கல்யாணம். முதல் பிரசவத்தில் ரத்தசோகை, வலிப்பு, எடை குறைந்த குழந்தை. கூடவே இருந்து பார்த்தவள் நான்.

குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யார் சொன்னது என்று வெளியே தெரிந்துவிடுமா? நேராக மாவட்ட சமூகநல அலுவலரிடம் போகலாமா? அப்புறம், பதினொன்றாம் வகுப்புக்கு அரசு விடுதியில் இப்போது இடம் கிடைக்குமா? கல்லூரி போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்றதும் அந்த அம்மா கொஞ்சம் காதுகொடுத்தார். விடுதி கிடைத்தால் பேசிப் பார்க்கலாம். ஆவணிக்கு இன்னும் ஆறு வாரம்தான்.