தமிழ்ச் சொல் உள்ள அட்டவணை பைத்தானில் நேராக வரவில்லை

தலவாக்கலைத் தம்பி: தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) பலகையில் ஒட்ட வேலை, ஆள், கிலோ என்று மூன்று பத்தி அச்சிட வேண்டும். வேலைப் பெயருக்கு எல்ஜஸ்ட்(10) (பின்னால் வெற்றிடம் சேர்த்துப் பத்து இடமாக்கும் கட்டளை) கொடுத்தும் எண்கள் ஏணிப்படி மாதிரி நிற்கின்றன. ஏன்?

ஹட்டன் பனி: தம்பி, பைத்தான் எண்ணுவது எழுத்தை இல்லை, யூனிகோடு குறியீட்டை. 'கொழுந்து' கண்ணுக்கு 4 எழுத்து, நீளம் சொல்லும் லென்னைக் கேட்டால் 8. பத்தாக்க 2 வெற்றிடம்தான் சேரும். மொத்தம் 6 எழுத்து இடம். 'உரம்' 3 எழுத்து, 4 குறியீடு. 6 வெற்றிடம் சேர்ந்து 9 இடம். அங்கேயே 3 இடம் பிசகிவிட்டது. ரீஜெக்ஸ் என்ற தொகுதியைத் தனியாக நிறுவி (பைத்தானோடு கூடவே வரும் 'ரீ' உதவாது) முழு எழுத்தாக எண்ணி, மீதி வெற்றிடத்தை நீங்களே சேருங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக வந்திருந்தால் அதே 'கொழுந்து' 9 ஆகிவிடும். கூட்டுத்தொகை போடும்போதும் ஒரே வேலை இரண்டு வேலையாகப் பிரியும். முதலில், பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

மஸ்கெலியா மழை: என்எஃப்சி சரி அண்ணே, மற்றதை ஏற்க மாட்டேன். 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா? எழுத்தைச் சரியாக எண்ணினாலும் எழுத்துரு கவிழ்த்துவிடும். ஹெச்டிஎம்எல் டேபிளாக எழுதி, எண் பத்திகளை வலப்பக்கம் ஒதுக்கி, பிரவுசரிலிருந்து அச்சிடலாம். கோப்பைத் திறக்கும்போதும் மெட்டா வரியிலும் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். விட்டால் எழுத்துக் குதறும்.

ஹட்டன் பனி: அகல விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் டெர்மினலுக்கும் லாக் (பதிவு) கோப்புக்கும் டேபிள் எதற்கு? எண்களை முன்னால் கொண்டுவந்தால் போதும். மதிப்பைச் சரத்துக்குள் பொருத்தும் எஃப்-ஸ்ட்ரிங்கில் ஆளுக்கு >4, கிலோவுக்கு >9.1எஃப், தமிழ்ச் சொல் கடைசியில். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லாததால் எதையும் தள்ளாது:

  42    756.0  கொழுந்து
  11        -  கவ்வாத்து

மஸ்கெலியா மழை: லாக்குக்கு நல்லது. பலகையில் ஆட்கள் முதலில் தேடுவது வேலையின் பெயரை, அது இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். தம்பி, இதையே சம்பளச் சீட்டுக்கும் எடுப்பதென்றால் இரண்டு தசம இடம் காட்டும் .2எஃப்பை நம்ப வேண்டாம். 2.675-ஐ 2.67 என்று காட்டும், ஃப்ளோட்டில் (பைத்தானின் வழக்கமான தசம எண் வகை) அது 2.675-க்குக் கொஞ்சம் கீழே பதிவதால். சேமலாப நிதிக்குக் கழிக்கும் 8 சதவீதத்தை டெசிமல் என்ற துல்லிய எண் வகையில் போட்டு, தசம இடத்தை முழுமையாக்கும் குவாண்டைஸில் ரவுண்ட்_ஹாஃப்_அப் (பாதி வந்தால் மேலே ஏற்றும் முறை) கொடுங்கள். டெசிமலுக்கு மேற்கோள் குறிக்குள் '2.675' என்றே போக வேண்டும்; ஃப்ளோட்டாகக் கொடுத்தால் பிழையும் கூடவே போகும்.

ஹட்டன் பனி: காசுக்கு டெசிமல்தான், அதில் மறுபேச்சில்லை.

தலவாக்கலைத் தம்பி: பலகைக்கு டேபிள், லாக்குக்கு எண் முன்னால், இரண்டையும் செய்கிறேன். கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டும் வேலை) வரியில் கிலோ வெற்று மதிப்பு, டைப்எரர் வருகிறதே?

ஹட்டன் பனி: வெற்று மதிப்புக்கு 9.1எஃப் செல்லாது. முதலில் சோதித்து, வெற்றாக இருந்தால் '-' என்ற சரத்துக்கு >9 மட்டும் கொடுங்கள். 0.0 போடாதீர்கள், நிறுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடும்.